ஈரலைக் கேட்டால் தெரியும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை வரிசையில் நின்று, "பாய், ஏழு கோழியோட ஈரல் வேணும், ஒவ்வொண்ணும் தனித்தனி கவர்ல. முதுகையும் வெட்டாம அப்படியே குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். பின்னால் நிற்பவர்கள் ஒரு தினுசாகப் பார்ப்பார்கள். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் நான் வழக்கமாக வாங்கிய கடைக்காரர், எங்கள் வீட்டில் நாய் வளர்க்கிறோம் என்றே இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தார். நான் டெஸ்டிங் லேபில் வேலை பார்ப்பவள் என்று தெரிந்ததும் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவராகவே ஒருநாள், "இன்னாமா, நம்ம சரக்கு பாஸா, ஃபெயிலா?" என்றார்.

முதுகு கேட்டதற்குக் காரணம் உண்டு. கோழியின் சிறுநீரகம் ஆட்டினுடையதைப் போலத் தனியே உருண்டையாக இருக்காது. முதுகெலும்பின் உட்பள்ளத்தில் கருஞ்சிவப்புக் கூழை அப்பியதுபோல ஒட்டிக்கொண்டிருக்கும். குடலை உருவும் கைக்கு அது பெரும்பாலும் தப்பிவிடும். குழம்பில் முதுகுத் துண்டைக் கடிக்கும்போது எலும்பிடுக்கில் மெத்தென்று ஏதோ வருமே, அதுதான். ஈரல் துணுக்கு என்று நினைத்துச் சாப்பிடுகிறோம். கோழிக்குள் காட்மியம் போனால் இந்தச் சிறுநீரகத்திலும் ஈரலிலும்தான் குடியேறும். ஐரோப்பிய ஒன்றியம் கோழிக்கறிக்குக் கிலோவுக்கு 0.05 மில்லிகிராம், ஈரலுக்கு 0.5, சிறுநீரகத்துக்கு 1 என்று மூன்று வரம்புகள் வைத்திருப்பது இதனால்தான். ஈயமோ கொஞ்ச நாள் ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கிவிட்டுக் கடைசியில் எலும்புக்குப் போய்ச் சேரும். வெறும் நெஞ்சுக்கறியை அரைத்துப் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று எழுதிக்கொடுப்பது சுலபம். அப்படி எழுதிய ரிப்போர்ட்டுகளில் என் கையெழுத்தும் இருக்கிறது.

1996ல் வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு எஸ்டேட்டுக்குள் ஒரு தனியார் லேபில் சேர்ந்தேன். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960களில் வந்தது. நான் போனபோது சந்துக்குச் சந்து லேத்து, பிரஸ், பிளேட்டிங், பஃபிங் என்று இரைந்துகொண்டிருந்தது. எங்களுக்கு வந்த வேலையும் அதற்கேற்றதுதான்: பிளேட்டிங் தொட்டியில் நிக்கல் எவ்வளவு, பாய்லர் தண்ணீரில் உப்பு எவ்வளவு, கழிவுநீரில் குரோமியம் எவ்வளவு. கோழி எங்கள் மேஜைக்கு வர நாலைந்து வருடம் ஆனது.

வந்த முதல் கோழியிலேயே ஏமாந்தோம். ஒரு கேட்டரிங்காரர் கொடுத்த கறியில் ஈயம் எக்கச்சக்கமாகக் காட்டியது. ரிப்போர்ட் டைப் ஆகிவிட்டது. எங்கள் மேலாளர், பழைய ஆள், கையெழுத்துப் போடுவதற்கு முன், "பிளாங்க் எங்கே?" என்று கேட்டார். பிளாங்க் என்பது கோழியே போடாத காலிக் குடுவை. அதே அமிலம், அதே சூடு, அதே தண்ணீர், கோழி மட்டும் இருக்காது. அதிலும் அதே அளவு ஈயம் இருந்தது. லேபின் பின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துப் பட்டறையில் பழைய இரும்புக் கதவுகளின் பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டிருப்பார்கள். அந்தத் தூசி எங்கள் குடுவையில் விழுந்திருக்கிறது. கோழிமேல் பழி போட இருந்தோம். அன்றைக்கு ஆணி அடித்து மூடிய ஜன்னலை நான் வேலையை விடும்வரை யாரும் திறக்கவில்லை. உணவில் ஈயம், காட்மியம் என்று எந்தச் செய்தியைப் படித்தாலும், 'பிளாங்க் எங்கே?' என்றுதான் இன்றும் முதலில் தோன்றுகிறது.

அப்போது எங்களிடம் இருந்தது தீச்சுடரில் உலோகத்தை அளக்கும் பழைய கருவி. ஈயத்துக்கென்று ஒரு விளக்கு உண்டு, அதை மாட்டி 283.3 நானோமீட்டரில் வைத்துப் படிப்போம். ஒரு கிராம் கறியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து 25 மில்லியாக்கினால், கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் இருக்கும் ஈயம் அதில் தெரியும். 0.1 மில்லிகிராம் தெரியாது, இரைச்சலுக்குள் மறைந்துவிடும். பழைய கலப்படத் தடைச் சட்டத்தில், தனியாகப் பெயர் சொல்லாத உணவுகளுக்கெல்லாம் ஈய வரம்பு 2.5 பி.பி.எம்., அதாவது கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் என்று இருந்ததால் யாருக்கும் உறுத்தவில்லை. உலக அளவில் உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு கோழிக்கறிக்கு வைத்த வரம்பு 0.1. இருபத்தைந்தில் ஒரு பங்கு! நாங்கள் 'பி.டி.எல்.' என்று மூன்றெழுத்தில் எழுதிக்கொடுப்போம். 'எங்கள் கருவியின் கண்ணுக்குப் படவில்லை' என்பதுதான் அதற்குப் பொருள். வாங்கிப் போகிறவர் 'இல்லவே இல்லை' என்று படிப்பார். நாங்களும் திருத்தியதில்லை. 2006ன் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் 2011ன் விதிமுறைகளும் வந்த பிறகுதான் நல்ல கருவி வாங்க முதலாளிகளுக்கு மனம் வந்தது. பி.பி.எம். போய், அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான பி.பி.பி. கணக்கு வந்தது.

கருவி எதுவும் இல்லாமல் வெறுங்கண்ணால் நான் உலோகத்தைப் பார்த்தது இரண்டே முறை. முதல் முறை, தீவனத்தில். தீவனப் பரிசோதனையில் சாம்பல் பார்ப்பது தினசரி வேலை. மாதிரியைச் சின்னப் பீங்கான் கிண்ணத்தில் போட்டு 550 டிகிரி உலையில் வைப்போம். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள் எல்லாம் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ வரும். ஒருநாள் 'மீன்தூள்' என்று எழுதியிருந்த ஒரு பையின் சாம்பல் பச்சையாக வந்தது. பாசிப்பயற்றுத் தோல் மாதிரிப் பச்சை. செம்பாக இருக்குமோ என்று பார்த்தோம், இல்லை. காரத்தோடு சேர்த்து உருக்கியதும் பச்சை போய் மஞ்சளானது. குரோமியம்! மீதித் தூளை நுண்ணோக்கியில் வைத்தால் மீன் செதிலும் இல்லை, முள்ளும் இல்லை, பிரிபிரியாக நார்தான். பதனிட்ட தோலின் துருவல் அது.

தோலை ஏன் தீவனத்தில் கலக்கிறார்கள்? புரதத்தை நாங்கள் நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறோம். தோலும் புரதம்தான், நைட்ரஜன் கொழிக்கும். கோழிக்குச் செரிக்குமா என்று அந்தப் பெருக்கல் கேட்பதில்லை. குரோமியம் போட்டுப் பதனிட்ட தோல் பட்டறைக் கழிவாகக் குவிந்து கிடக்கிறது, எடுத்துப் போனால் போதும் என்பார்கள். பங்களாதேஷில் டாக்காவின் ஹசாரிபாக் பகுதியில் இது ஒரு தொழிலாகவே நடந்தது. தோல் கழிவை வேகவைத்து, வெயிலில் காயவைத்து, பொடித்துக் கோழிக்கும் மீனுக்கும் போட்டார்கள். கறியில் குரோமியம் இருப்பதை டாக்கா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2011ல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொன்னது. தோல் பட்டறைகள் 2017ல்தான் அங்கிருந்து சாவர் என்ற இடத்துக்குப் போயின. குரோம்பேட்டை என்ற ஊர்ப் பெயரே குரோம் தோல் கம்பெனியால் வந்தது என்றிருக்கும் சென்னையில், அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. பச்சைச் சாம்பல் பையைக் கொண்டுவந்தவர் தீவனம் வாங்குகிறவர், விற்கிறவர் இல்லை. ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அப்புறம் அவரும் வரவில்லை, அப்படி ஒரு சாம்பலும் வரவில்லை.

அதே 2011 ஜூலையில் இன்னொரு கூத்து. அமெரிக்காவில் கோழிகளின் ரத்தக் கழிச்சலுக்கும் சீக்கிரம் எடை ஏறுவதற்கும் 1940களிலிருந்து கொடுத்துவந்த ராக்சர்சோன் என்ற மருந்தின் விற்பனையை, ஃபைசரின் துணை நிறுவனம் நிறுத்தியது. அது ஆர்சனிக் சேர்ந்த மருந்து. தின்ற கோழிகளின் ஈரலில் நஞ்சான கனிம ஆர்சனிக் கூடியிருப்பதை அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் கண்டது. அதே வகையைச் சேர்ந்த கடைசி மருந்தும் 2015 முடிவில் போய்விட்டது. செய்தி வந்த வாரம் போன்மேல் போன். மொகப்பேரிலிருந்து ஒரு அம்மா, வறுத்த சிக்கனை டிபன் பாக்ஸில் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் வந்துவிட்டார், மசாலாவோடு.

இத்தனை வருடத்தில் நான் பார்த்த பிராய்லர்களைப் பற்றிச் சொன்னால் வீட்டிலேயே நம்புவதில்லை. ஊரே பிராய்லரைத் திட்டுகிறது. ஊசி போடுகிறார்கள், பெண் பிள்ளைகள் சீக்கிரம் வயதுக்கு வந்துவிடுகிறார்கள் என்று. ஆன்டிபயாடிக் விஷயத்தில் எனக்கும் கோபம் உண்டு. கோலிஸ்டினைக் கோழிக்குக் கொடுக்கக்கூடாது என்று மத்திய அரசு 2019ல் தடை போட்டதே, அதெல்லாம் நியாயம். ஆனால் ஈயம், காட்மியம் என்று வந்தால், பல்லடம் பக்கத்திலிருந்து லாரியில் வரும் அந்த வெள்ளைக் கோழிக்கு அதைச் சேர்க்க நேரமே இல்லை. நாற்பது நாளில் இரண்டு கிலோ ஆகி வெட்டுக்குப் போகிறது. மண்ணை மிதித்ததில்லை, கொட்டகையை விட்டு வெளியே வந்ததில்லை. தீவனத்தில் சேர்க்கும் டி.சி.பி. எனும் பாஸ்பேட் உப்பு மட்டமானதாக இருந்தால் அதன் வழியாகக் காட்மியம் வரலாம், பாறையிலிருந்து எடுக்கிற சரக்கு அது. துத்தநாக உப்பு பழைய உலோகக் கழிவிலிருந்து தயாரானதாக இருந்தாலும் வரலாம். அதற்காகத்தான் ஈரலைக் கேட்பேன். கடைக்காரர் கேட்ட பாஸ், ஃபெயிலுக்கு என் பதில் பெரும்பாலும் பாஸ்தான்.

எனக்குத் தூக்கம் போனது நாட்டுக்கோழியால்.

வர்தா புயலுக்கு அடுத்த வருடம், 2017. ஒரு இளைஞர் இரண்டு கட்டைப் பை நிறையச் சாமான்களுடன் லேபுக்கு வந்தார். மூன்று வயதுப் பெண் குழந்தை, சாப்பாடு இறங்கவில்லை, ரத்தத்தில் ஈயம் கூடுதல் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் வீட்டையே சுரண்டி எடுத்துவந்திருந்தார்: மஞ்சள்தூள், சாம்பார்பொடி, கண் மை, பிளாஸ்டிக் பொம்மை, ஜன்னல் பெயின்ட்டு, போர் தண்ணீர், ஆறு நாட்டு முட்டை. முட்டையை எதற்குக் கொண்டுவந்தார் என்று அவருக்கே தெரியாது. "தினமும் ஒண்ணு குடுக்கிறோம் மேடம், அதான்." மஞ்சள்தூள்மேல்தான் என் சந்தேகம் முழுக்க. நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலப்பவர்கள் உண்டு. மஞ்சள்தூள் சுத்தமாக இருந்தது. முட்டையின் வெள்ளைக்கருவிலும் ஒன்றுமில்லை. மஞ்சள்கருவில் இருந்தது.

பிளாங்க் பார்த்தேன். இன்னொரு நாள் புது அமிலத்தில் மறுபடி போட்டேன். அதே எண்தான் வந்தது.

"முட்டை எங்கே வாங்குறீங்க?" என்றேன். "ரயில்வே லைன் ஓரமா ஒரு ஆயா விப்பாங்களே, கூடையில..."

எனக்கு அந்தக் கூடை தெரியும். என் மகளுக்கு முதல் முட்டை ஊட்டியது அதிலிருந்துதான்.

லேபில் ஒரு விதி உண்டு. ரிப்போர்ட் வாடிக்கையாளருக்கு மட்டுமே சொந்தம், கொடுத்த மாதிரிக்கு மட்டுமே பொருந்தும். காகிதத்தின் அடியில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். யாரிடமும் போய்ச் சொல்லக்கூடாது. அந்த இளைஞரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சொந்தக் காரியமாகப் போவதுபோல ஆயா வீட்டுக்குப் போனேன். பட்டரவாக்கம் பக்கம், தண்டவாளத்துக்கும் எஸ்டேட் சுவருக்கும் நடுவில் ஓட்டு வீடு. பதினைந்து பதினாறு கோழிகள் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தன. நாலு வீடு தள்ளி, பெயர்ப்பலகை இல்லாத தகரக் கொட்டகையில் பழைய பேட்டரிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பழைய பேட்டரியைக் கடைக்கோ பதிவு செய்த மறுசுழற்சியாளருக்கோதான் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று 2001லேயே விதி வந்துவிட்டது. பிளேட்டுகளை உதறிய சாம்பல் நிறச் சேறு வாசலில் காய்ந்துகிடந்தது.

"இந்தப் பட்டறை எப்போ வந்தது ஆயா?"

"அது எப்பலேந்தோ கீது கண்ணு. ஏன், உனக்கு பேட்டரி வோணுமா?"

சொன்னேன். முட்டையில் ஈயம் என்றதும் சிரித்தாள். ஈயச் சொம்பில் ரசம் வைத்துக் குடித்து வளர்ந்தவள் அவள். அந்த ஈயம் வெள்ளீயம், இது காரீயம் என்று நான் பாடம் எடுத்தது எடுபடவில்லை. நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதன் கஷ்டத்தை அன்றுதான் அனுபவித்தேன். ஆனால் அவளே ஒன்று சொன்னாள். மாசத்துக்கு ஒரு கோழி சீக்காகிச் சாகிறதாம், இறக்கை தொங்கி, காலில் தெம்பில்லாமல், பச்சையாகக் கழிந்து. ராணிக்கெட் நோய் என்று நினைத்துத் தடுப்பு மருந்தும் போட்டிருக்கிறாள். அடுத்ததாகச் செத்தால் புதைக்காதே, எனக்குச் சொல் என்று நம்பர் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று வாரத்தில் போன் வந்தது.

கோழிக்குப் பல் கிடையாது. அரைவைப்பைக்குள் கல்லைச் சேர்த்துவைத்துக்கொண்டுதான் தானியத்தை அரைக்கிறது. அதற்காகவே சின்னச் சின்னக் கல்லாகத் தேடி விழுங்கும். லேபில் அந்தப் பையைக் கிழித்துத் தட்டில் கொட்டினேன். செங்கல் துணுக்கு, கண்ணாடிச் சில்லு, ஒரு சட்டைப் பட்டன், வழவழப்பான கூழாங்கற்கள். நடுவே மிளகளவில் நாலு சாம்பல் நிற உருண்டைகள். ஒன்றை நகத்தால் அழுத்தினால் தடம் பதிந்தது. காகிதத்தில் இழுத்தால் பென்சில் கோடு விழுந்தது. கருவியே வேண்டியிருக்கவில்லை. கோழியின் கணக்கில் அது இன்னொரு கல். வயிற்று அமிலத்தில் ஊறி, மற்ற கற்களோடு உரசி, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ரத்தத்தில் ஏறியிருக்கிறது.

அங்கிருந்து எலும்பு. ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் இரண்டு கிராம் கால்சியம் வேண்டும். தீவனத்திலிருந்து வருவது போதாதபோது கோழி எலும்பிலிருந்து எடுக்கும். கால்சியம் என்று நினைத்து எலும்பு சேர்த்துவைத்திருந்த ஈயமும் அப்போது கூடவே கிளம்பி மஞ்சள்கருவுக்கு வருகிறது. சேவலுக்கு இந்த வடிகால் இல்லை, எல்லாம் எலும்பிலேயே கிடக்கும். சளிக்கு நல்லது என்று நாலு மணி நேரம் கொதிக்கவைக்கிறோமே நாட்டுக்கோழி எலும்பு சூப்பு! 2013ல் வெளியான ஒரு ஆய்வில், இங்கிலாந்தில் இயற்கை முறையில் வளர்த்த கோழியின் சூப்பை அளந்திருக்கிறார்கள். வெறும் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம்கூட இல்லாத ஈயம், எலும்பு சூப்பில் 7, எலும்போடு வேகவைத்து எடுத்த தோலும் குருத்தெலும்பும் போட்ட சூப்பில் 9.5.

ஆயாவின் கோழி ஒரு விதிவிலக்கு என்று தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் 2022ல் ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகத்தார் சிட்னியில் 55 வீடுகளின் கொல்லைக் கோழிகளைப் பரிசோதித்ததைப் படித்தேன். வீட்டு முட்டையில் கடை முட்டையைப் போலச் சராசரியாக 40 மடங்கு ஈயம். அங்கே பேட்டரிப் பட்டறை இல்லை. பழைய பெயின்ட்டும் பழைய பெட்ரோல் புகையும் ஊறிய மண். நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000த்தில் முழுக்க நின்றது. அதற்கு முன் அம்பத்தூர் வழியே போகும் சி.டி.எச். ரோட்டில் ஓடிய வண்டிகளின் புகை எந்த மண்ணில் இறங்கியிருக்கும்? போரூர் ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களும் சேர்ந்து சென்னையில் மூன்று முதல் ஏழு வயதுவரையான 756 குழந்தைகளின் ரத்தத்தைப் பார்த்தார்கள், 2009ல் வெளியான ஆய்வு. சராசரி ஈயம் டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். ஐந்தைத் தொட்டாலே எங்கிருந்து வருகிறது என்று தேடு என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மண்ணை மேய்வதுதான் நாட்டுக்கோழியின் பெருமை. கிராமத்து மண்ணுக்குச் சொன்ன பெருமையை எஸ்டேட் மண்ணுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டோம்.

ஆயா பிடிவாதக்காரி, ஆனால் அந்த நாலு உருண்டைகளை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்த பிறகு பேசவில்லை. "டெஸ்டுக்கு எவ்ளோ?" என்று மட்டும் கேட்டாள். எங்கள் லேபில் அப்போது ஒரு உலோகத்துக்கு 1,200 ரூபாய். முட்டையை அவள் 12 ரூபாய்க்கு விற்றாள். "நூறு முட்டை" என்றாள் உடனே. நாட்டுக்கோழி வருடத்துக்கு இடுவதே அறுபது, எண்பது. ஒரு கோழி ஒரு வருடத்துக்கு மேல் இட்டால்தான் அதன் ஒரு முட்டையைச் சோதிக்க முடியும். பில் போடாமல் செய்துதருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இன்று சொல்வதில் தவறில்லை, வேலையை விட்டுவிட்டேன்.

மகனை விட்டுக் கொல்லையில் சிமென்ட் தளம் போட்டு, வலை கட்டினாள். கோழிகளை அதற்குள் அடைத்து, நொய்யும் கம்பும், அரைவைக்குக் கிளிஞ்சல் தூளும் கொடுத்தோம். கால்சியம் தாராளமாக இருந்தால் குடல் ஈயத்தை அவ்வளவு வாங்காது. இரண்டு மாதத்தில் மஞ்சள்கருவில் ஈயம் நன்றாக இறங்கியது. நான் சந்தோஷமாகப் போய்ச் சொன்னால், ஆயா கூடையைத் தூக்கிக் காட்டினாள். பாதிக்கு மேல் விற்காமல் இருந்தது.

"கரு வெளுத்துப்போச்சு. நாட்டு முட்டையே இல்ல, கடை முட்டைய கலக்குறன்னு சொல்றாங்க. உன் ஈயமும் போச்சு, என் யாவாரமும் போச்சு."

புல்லும் கீரையும் கொத்தாத கோழி, வெறும் நொய்யும் கம்பும் தின்றால் கரு வெளுக்கத்தான் செய்யும். நிறம் செடியிலிருந்து வருவது. தினம் இரண்டு கட்டு முருங்கைக்கீரை போடச் சொன்னேன். நிறம் திரும்பியது. போன வாடிக்கையில் பாதி திரும்பியது.

அந்த மழைக்காலத்தில் மூன்றாம் முறை எடுத்துவந்த முட்டைகளைப் பார்த்தேன். புதுக் கோழிகளுடையது சுத்தம். பழைய கோழிகளுடையதில் இன்னும் வந்துகொண்டிருந்தது, எலும்பில் இருந்த இருப்பு. போய்ச் சொன்னேன்.

"இன்னும் கீதா?"

"கொஞ்சம் இருக்கு ஆயா."

"கொஞ்சம்னா? துன்னலாமா, கூடாதா?"

ஈயத்துக்கு வாரத்துக்கு இவ்வளவு போனால் பரவாயில்லை என்று வைத்திருந்த பழைய அளவை, ஐ.நா. உணவு அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு 2010ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. பத்திரமான அளவு என்று ஒன்றைச் சொல்ல முடியவில்லை என்றார்கள். அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"மஞ்சக்கருவுலதான கீது?" என்றாள். "அப்போ வெள்ளைய மட்டும் தனியா வித்தா யாருனா வாங்குவாங்களா?"